முடிச்சூரில் முப்பது சென்டிமீட்டர்

மேற்குத் தாம்பரம் பக்கம் தரைத்தள வீடு பார்க்கக் கிளம்புகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன். பம்மலிலிருந்து முடிச்சூர், அங்கிருந்து ஊரப்பாக்கம், திரும்பப் பம்மல். எல்லாம் சேர்த்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான். மலை, அருவி, கோயில் எதுவும் வழியில் கிடையாது. செப்டம்பர் கடைசிப் புதன்கிழமை காலை 7.40க்குக் கிளம்பினேன், மாலை 4.15க்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் இந்த வட்டாரத்தில் சைட் இன்ஜினியராகவும் சர்வேயராகவும் இருந்துவிட்டு ஜூன் மாதம்தான் ஓய்வு பெற்றேன். அத்தனை வருடத்தில் பயந்துகொண்டு போன சைட் இது ஒன்றுதான்.

காரணம், சைட்டில் எடுத்த மட்ட அளவுகளைக் குறித்து வைக்கிற ஒரு பழைய லெவல் புத்தகம். பரணைக் காலி செய்தபோது கிடைத்தது. 2015 வெள்ளத்துக்கு அடுத்த வருடம் முடிச்சூரில் ஒரு தெருவில் ஆறு வீடுகள் கட்டினோம். கடைசி வீடு கலைவாணி டீச்சருடையது. அவர் கணவர் சம்பத் சாருக்கு இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. வெள்ளத்தின்போது பழைய வாடகை வீட்டில் அவரைக் கட்டிலோடு தூக்கிப் படகில் ஏற்றியிருக்கிறார்கள். புது வீட்டுக்கு டைல்ஸ் நிறம், ஜன்னல் டிசைன் என்று டீச்சர் எதையும் கேட்கவில்லை. "அந்த மாதிரி தண்ணி மறுபடி வந்தா இவரைத் தூக்கணுமா மேடம்?" என்று மட்டும் கேட்டார். "தூக்க வேண்டாம். வெள்ளம் நின்ன கோட்டுக்கு மேல ஒரு அடியில உங்க தரை இருக்கும்," என்று சொன்னேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

வெள்ளக் கோடு தெருமுனை மோட்டார் ரூம் சுவரில் இருந்தது. தெருக்காரர்கள் கறுப்புப் பெயின்ட்டில் வரைந்திருந்தார்கள். அந்தக் கோட்டில் நான் ஒரு கான்கிரீட் ஆணி அடித்து, அதன் மேல் அளவுக்கோலை நிறுத்தி, கருவி வழியாகப் பார்த்து அளவு எடுத்தேன். புத்தகத்தில் டீச்சர் வீட்டுக்கான பக்கத்தில் அந்த அளவு 1.150 மீட்டர் என்று இருக்கிறது. கூட்டல் போட்ட இடத்தில் 1.450 என்று இருக்கிறது. இரண்டும் என் கையெழுத்து. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. அந்தக் கணக்குப்படி பார்த்தால், தரைமட்டத்துக்கு நான் குறித்துக் கொடுத்த அடையாளம் முப்பது சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும். ஒரு அடி மேலே என்று நான் வாக்குக் கொடுத்த தரை, வெள்ளக் கோட்டிலேயே நிற்கும்.

அளவு எடுத்து முடித்ததும் தொடங்கிய ஆணிக்கே திரும்ப வந்து ஒரு முறை சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யாத ஜூனியர்களை நான் திட்டிய திட்டு தாம்பரம் முழுக்கப் பிரசித்தம். அன்று தூறல் விழுந்ததால் கருவியை மூடிக்கொண்டு நானே கிளம்பியிருக்கிறேன். அதன் பிறகு வந்த மழைகளில் தண்ணீர் தெருவோடு நின்றுவிட்டதால் அந்த வீடு பரீட்சை எழுதவே இல்லை. இன்னும் சில வாரத்தில் வடகிழக்குப் பருவமழை. பத்து நாள் எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

இனி வழி. பழைய ஆபீஸில் லெவல் கருவி, முக்காலி, அளவுக்கோல் மூன்றையும் இரவல் வாங்கிக்கொண்டேன். பம்மலிலிருந்து பல்லாவரம் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். பல்லாவரத்தில் 8.12 மின்சார ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய், பன்னிரண்டு நிமிடத்தில் தாம்பரம். முக்காலியோடு எதிர்த்திசையில் போவது எவ்வளவு சௌகரியம் என்று கடற்கரை பக்கம் போகிற கூட்டத்தைப் பார்த்தால் புரியும். ஸ்டேஷன் மேற்கு வாசலில் முடிச்சூர் ஷேர் ஆட்டோ, ஐந்து கிலோமீட்டர், முப்பது ரூபாய்.

டிரைவர் என் முக்காலியைப் பார்த்ததிலிருந்தே நிம்மதியாக இல்லை.

"இன்னா மேடம், ரோடு பெருசு பண்றாங்களா? எந்த சைடு இடிக்கப் போறீங்கோ?"

"எந்த சைடும் இல்லப்பா. ஒரு வீட்டைப் பாக்கப் போறேன்."

"வூட்டப் பாக்க எதுக்கு மேடம் இம்மாம் பெரிய குச்சி?"

பின்சீட்டில் இருந்த அம்மா உடனே தன் வீடு ரோட்டிலிருந்து எத்தனை அடி உள்ளே என்று எனக்குக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். இந்தப் பக்கம் முக்காலியோடு யார் நடந்தாலும் இதுதான் நிலைமை. இறங்கும்வரை அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

9.05க்குத் தெருமுனை. மோட்டார் ரூமைப் பார்த்ததும் பகீரென்றது. சுவர் முழுக்கப் புதுப் பச்சைப் பெயின்ட், கறுப்புக் கோட்டைக் காணோம். ரோடும் இரண்டு முறை மேலே மேலே போட்டதில் ஒரு ஜாண் ஏறியிருந்தது. கோடு எந்த உயரத்தில் இருந்தது என்று கண்ணால் சொல்ல வழியே இல்லை. சாவியால் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தேன். போகிற வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கால் மணி நேரம் கழித்து, மூன்று பூச்சுப் பெயின்ட்டுக்கு அடியில் ஆணியின் தலை தட்டுப்பட்டது. அந்த ஆணியை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

டீச்சரிடம் போனில் சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். வீட்டைச் சுற்றி வளைந்து ஏறும் சாய்வுப் பாதையில் நான் முக்காலியோடு வருவதைச் சம்பத் சார் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பார்த்தார்.

"சும்மா வர்றவங்க இதெல்லாம் தூக்கிட்டு வரமாட்டாங்களே மேடம்," என்றார்.

உள்ளே உட்காராமல், வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்று, நான்கு, தூறல், எல்லாம். டீச்சர் கையில் காபி டம்ளர் இருந்தது. அதை அவர் என்னிடம் நீட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"முப்பது சென்டிமீட்டர்னா எவ்ளோ?"

கையால் காட்டினேன். டீச்சர் கணவரின் நாற்காலியைப் பார்த்தார். பாதம் வைக்கிற பலகைக்கு மேலே கணுக்கால் தாண்டி வந்தது என் கை.

"எப்போ தெரிஞ்சது உங்களுக்கு?"

"பத்து நாள் ஆச்சு."

"பத்து நாளா," என்று மட்டும் சொன்னார். எந்த முதலாளியும் என்னை அவ்வளவு சுருக்கமாகத் திட்டியதில்லை. பிறகு டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, "என்ன புடிக்கணும், சொல்லுங்க," என்றார்.

தெருவில் கருவியை நிறுத்தினேன். டீச்சர் மோட்டார் ரூமுக்குப் போய் ஆணியின் மேல் கோலை நிறுத்தினார். 0.850. எழுதினேன், வாய்விட்டுப் படித்தேன், மறுபடி பார்த்து எழுதினேன். அடுத்தது வீட்டுத் தரை. கோலை நான் பிடிப்பேன் என்று சம்பத் சார் பிடிவாதமாக இருந்தார். நாற்காலியை வாசற்படிக்கு நேரே உருட்டி வந்து, பிரேக் போட்டு, இரண்டு கையாலும் கோலைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"ஆடாம புடிங்க சார்."

"நான் எங்கம்மா ஆடறது. படிங்க."

0.850 வந்தால் தரையும் வெள்ளக் கோடும் ஒரே மட்டம். அதைவிடக் குறைய வந்தால் தரை மேலே இருக்கிறது. கருவிக்குள் பார்க்கும்போது என் இமை துடித்ததில் முதலில் எண்ணே தெரியவில்லை. பிறகு தெரிந்தது. 0.640.

கழித்தேன். இருபத்தொரு சென்டிமீட்டர் மேலே. நம்பிக்கை வராமல் டீச்சரை மறுபடி ஆணிக்கு அனுப்பிச் சரிபார்த்தேன். 0.851. ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். "தரை மேலதான் இருக்கு. நான் சொன்னதுல ஒம்பது சென்டிமீட்டர் குறையுது, ஆனா மேலதான் இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சாய்வுப் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றும் சொல்லலாம். டீச்சர் புதிதாகக் காபி கலந்து கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, நான் குடித்து முடிக்கும்வரை கூடவே இருந்தார். அந்தக் காபிக்குப் பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

மூச்சு வந்ததும் மூளையும் வந்தது. என் தப்புப்படி வித்தியாசம் பூஜ்யமாக இருக்க வேண்டும். இருபத்தொன்று எங்கிருந்து வந்தது? இருபது சென்டிமீட்டர் கான்கிரீட் கல், ஒரு சென்டிமீட்டர் கலவை. சரியாக ஒரு வரிக் கட்டு. அந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் தனபாலுக்குப் போன் போட்டேன். ஊரப்பாக்கத்தில் ஒரு சைட்டில் இருந்தார். முடிச்சூரிலிருந்து ஊரப்பாக்கம் ஒன்பது கிலோமீட்டர், நேர் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாததால் ஆட்டோ, இருநூற்றைம்பது ரூபாய், இருபத்தைந்து நிமிடம். மண்ணிவாக்கம் வழி பரவாயில்லை. வண்டலூர் சந்திப்பில்தான் நின்று நின்று போக வேண்டியிருந்தது.

தனபாலுக்கு என்னைப் பார்த்ததும் பழைய பயம் வந்துவிட்டது. சாரத்திலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"முடிச்சூர்ல கடைசி வீடு. ஒரு வரி கூடப் போட்டீங்களா?"

"போட்டேன் மேடம்."

"நான் டேப் வெச்சு செக் பண்ணனே. எப்படித் தெரியாமப் போச்சு?"

"மார்க்கையும் ஒரு கல்லு மேல ஏத்தி வெச்சேன். இல்லாங்காட்டி நீங்க இடிக்கச் சொல்லுவீங்கோ. ரோடு வருசா வருசம் ஏறிகினே கீது. வூடு ஏறுமா? நான் எப்பவும் ரோட்டுக்குன்னு ஒரு வரி போட்டுதான் உடுவேன்."

என் அடையாளத்தை நகர்த்தியதற்காக அவரைப் பத்து நிமிடம் திட்டினேன். ஒரு சைட்டில் இன்ஜினியர் மார்க்கை நகர்த்துவதைவிடப் பெரிய குற்றம் கிடையாது, அதை இப்போதும் சொல்வேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். திட்டி முடித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சுண்ணாம்பும் சிமென்டுமாக இருந்தது. நன்றி என்று சொல்வதற்குப் பதிலாகப் பக்கத்துக் கடையில் இரண்டு டீயும் நான்கு வடையும் வாங்கினேன்.

"இதே மாதிரி இன்னும் எத்தனை வீட்டுல பண்ணீங்க?"

"நம்ம ரெண்டு பேரும் கட்டுன எல்லாத்துலயும்தான் மேடம். பம்மல்ல ரெண்டு வூடு மட்டும் முடியல. நீங்க காலைல வந்து சாயந்தரம் வரிக்கும் அங்கியே நின்னுகினு இருந்தீங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது மேடு மேடம். அங்க தண்ணி ஏறாது. பேஜார் ஆவாதீங்க," என்றார்.

ஊரப்பாக்கத்தில் 3.06 ரயில், ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. டீச்சருக்குப் போன் செய்து தனபால் செய்ததைச் சொன்னேன். பின்னால் சம்பத் சார் சிரிப்பது கேட்டது. பல்லாவரம் வரும்வரை தூங்கிக்கொண்டு வந்தேன், குரோம்பேட்டை எப்போது போனது என்றே தெரியாது.

நீங்கள் கிளம்புவதானால்: பத்து மணிக்குள் போய்விடுங்கள், பிறகு அந்தத் தெருக்களில் நிழல் கிடையாது. மழைக்கு முன்னால் போகாமல், நல்ல மழை பெய்த மறுநாள் போனால் தெருவே உங்களுக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். வாசற்படிகளை எண்ணுங்கள். கடைசிப் படி ரோட்டுக்குள் புதைந்திருந்தால் ரோடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். வெள்ளம் எதுவரை வந்தது என்று புரோக்கரைக் கேட்காதீர்கள், எதிர்வீட்டில் கேளுங்கள். என்னைப் போன்ற இன்ஜினியர் எதையாவது உறுதியாகச் சொன்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு கொத்தனாரைத் தனியாகப் பார்த்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து, மேடம் கிளம்பிப் போன பிறகு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள்.