நீலச் சுவிட்சை விடாமல் ஒலுவில் வரை

போன மாதம் ஒரு சனிக்கிழமை மருதமுனையிலிருந்து ஒலுவில் வரை ஆட்டோவில் போய் வந்தேன். கடல் பார்க்கவோ உறவினர் வீட்டுக்கோ போகவில்லை. விசைப்பலகைகளைத் தட்டிப் பார்க்கப் போனேன். சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

நான் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்து கொடுப்பவள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மதியத்துக்கு முன் அன்றைய பங்கை அனுப்பியாக வேண்டும். நான்கு வருடமாக நீலச் சுவிட்ச் போட்ட மெக்கானிக்கல் விசைப்பலகைதான் பாவிக்கிறேன். இந்த வகைப் பலகையில் ஒவ்வொரு விசைக்கும் கீழே தனித்தனியாக ஸ்பிரிங் வைத்த ஒரு சுவிட்ச் இருக்கும். சுவிட்சை நிறத்தால்தான் சொல்வார்கள். நீலம் அழுத்தும்போது 'டக்' என்று ஒரு சத்தம் தரும். அந்த 'டக்' விரலிலும் வெட்டும், எழுத்து விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். திரையைப் பார்க்கத் தேவையில்லை.

பிரச்சினை வீட்டில்தான். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இந்த வீடு எனக்குச் சீதனமாகத் தந்தது. என் கணவர் சவூதியில் வேலை செய்கிறார். தங்கச்சி சஃபாவுக்குக் கல்யாணம் முடிந்தது, அவளுடைய வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை. அதுவரைக்கும் என் வீட்டின் பாதியைப் பலகையால் தடுத்து அவளுக்குக் கொடுத்தோம். அந்தப் பலகையும் இந்த விசைப்பலகை உழைத்த காசில் வாங்கியதுதான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சஃபாவின் மாப்பிள்ளை இர்ஷாத் ஆஸ்பத்திரியில் ஆண் தாதி. இரவு டியூட்டி முடித்து வந்து காலையில்தான் படுப்பார். அந்த நேரம் சஃபா பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருப்பாள். பலகைக்கு அந்தப் பக்கம் அவர் படுத்திருப்பார், இந்தப் பக்கம் நான் தட்டிக்கொண்டிருப்பேன். நடுவில் எங்கள் உம்மா.

"மாப்பிள்ளட கண்ணப் பாத்தியா? செவந்து போய்க் கிடக்கு. உன்ட டக்கு டக்கால மனிசனுக்குத் தூக்கமில்ல. அந்தக் கீபோட்ட மாத்து, இல்லாட்டி குசினிப் பக்கம் போய் இருந்து தட்டு."

"அவர் வாய் தொறந்து சென்னாரா உம்மா?"

"அவர் எப்பிடிச் செல்லுவார்? வந்து மூணு மாசம் ஆகல்ல. நாமதான் பாத்து நடக்கணும்."

வேறு ஊர்க்காரர்களுக்கு இது விளங்காமல் போகலாம். புது மாப்பிள்ளையிடம் "உங்களுக்கு இடைஞ்சலா?" என்று நாங்கள் கேட்க மாட்டோம். கேட்டால், நாங்கள் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டது போலாகிவிடும். அவரும் வாய் திறக்க மாட்டார். பெண் வீட்டைக் குறை சொன்னவர் என்ற பெயர் யாருக்கு வேண்டும்? குசினிப் பக்கம் போவது என்றால் வேலையை விடுவதும் ஒன்றுதான். அங்கே இணையம் வராது, அடுப்புப் புகையும் வெக்கையும்தான் வரும். என் வீட்டில், என் உழைப்பில் அடித்த பலகைக்குப் பக்கத்தில் நான் மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டுமாம். அடுத்த வளவில் விடிந்தால் தறி ஓடுகிறது. அதை நிறுத்தச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை.

சரி, சத்தமில்லாத சுவிட்சாவது பார்ப்போம் என்று இணையத்தில் கேட்டேன். கொழும்புக்குப் போய்த் தட்டிப் பார்த்து வாங்கச் சொன்னார்கள். கல்முனையில் ஒரு கடையில் விசாரித்தேன். பெட்டியைத் திறக்க முடியாது என்றார் கடைக்காரர். "பொம்புளைகளுக்கு ரோஸ் கலர்ல சின்னது ஒண்டு வந்திரிக்கி, அதக் காட்டவா?" என்றும் கேட்டார். ரோஸ் கலரை அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். பத்து விரலும் கொழும்பில் மட்டுமா முளைத்திருக்கிறது? எங்கள் கரையோரத்தில் யாரிடம் என்ன பலகை இருக்கிறது என்று முகநூலில் கேட்டேன். காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என்று மூன்று பேர் வரச் சொன்னார்கள்.

காலை 8.15க்குப் புறப்பட்டோம். துணைக்கு சஃபா. ஆட்டோ, பாண்டிருப்பு யோகன் அண்ணனுடையது. நின்று நின்று போய் வர 5,500 ரூபாய் பேசினோம். போக வர ஐம்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. விஷயத்தைக் கேட்டதும் அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"கீபோட் தட்டிப் பாக்கவா ஒலுவிலுக்குப் போறீங்க? நான் ஏதோ பொண்ணு பாக்கப் போறீங்க எண்டு நினைச்சன் தங்கச்சி."

"அதுமாதிரித்தான் அண்ணன். பிடிக்கல்லயெண்டா தேத்தண்ணியக் குடிச்சிட்டு வந்திருவம்."

கல்முனைச் சந்தி நெரிசலில் கால் மணிநேரம் போனது. சாய்ந்தமருது தாண்டிக் காரைதீவுக்கு வந்து சேர ஒன்பது மணி. வாணி அங்கே ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் காணி உறுதி தட்டச்சு செய்பவள். சனிக்கிழமை என்பதால் பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அது பழுப்புச் சுவிட்ச்.

"இது டக் எண்டு சத்தம் போடாது அக்கா. ஆனா விரலுக்கு விளங்கும். நொத்தாரிஸ் ஐயா போன் கதைக்கக்குள்ள நான் நீலத்த அடிச்சனெண்டா என்னைய றோட்டுல விட்டிருவார்."

எல்லா இடத்திலும் ஒரே வாக்கியத்தைத் தட்டுவது என்று முடிவு செய்திருந்தேன்: 'சத்தம் கூட்டித் தட்டினால் குற்றம் என்றால் குற்றம்தான்.' கோபத்தில் எழுதியது என்றாலும் அதில் புள்ளி நிறைய வருகிறது. நான் பாவிக்கும் தமிழ் விசை அமைப்பில் புள்ளி வலது சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கிறது. தமிழ் தட்டுகிறவர்களின் சுண்டுவிரல் படும் பாட்டை ஆங்கிலத்தில் சுவிட்ச் விமர்சனம் செய்கிறவர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். சஃபாவை அறைக்கு வெளியே சுவரோடு நிற்க வைத்தேன். அவள்தான் மாப்பிள்ளையின் காது.

பழுப்பு மோசமில்லை. பாதி வழியில் ஒரு சின்ன மேடு விரலில் தட்டுப்படும், அங்கே எழுத்து விழும். வாக்கியம் பிழையில்லாமல் வந்தது. ஆனால் நான் பலமாகக் குத்துகிறவள். விசை அடியில் போய் மோதும் சத்தம் எந்த நிறத்துக்கும் உண்டு.

"கேக்குது ராத்தா. முந்தி மாதிரி இல்ல, ஆனா கேக்குது," என்றாள் சஃபா.

நிந்தவூர் அங்கிருந்து நான்கு கிலோமீற்றர். ரிஸ்வி கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவர். அவருடையது சிவப்பு. மேடும் இல்லை, டக்கும் இல்லை, நேரே கீழே இறங்கும். நாற்பத்தைந்து கிராம் அழுத்தம் போதும். நீலத்துக்கு அதைவிடக் கூட வேண்டும்.

"விரல வெச்சாலே எழுதும் ராத்தா," என்று பெருமையாகச் சொன்னார். அதுதான் வினை. நான் யோசிக்கும்போது சுண்டுவிரலைப் புள்ளியின் மேல் வைத்துக்கொண்டிருப்பேன். சிவப்பு அதையும் கட்டளை என்று எடுத்துக்கொண்டது. 'சத்தம்' என்று தட்டினால் எழுத்தெல்லாம் தலையில் புள்ளியோடு நின்றது. ரிஸ்வி எட்டிப் பார்த்துச் சிரித்தார். தனக்கு வெட்டி ஒட்டும் குறுக்குவழி விசைகளில் மட்டும்தான் வேலை, எழுத்தே இல்லை என்றார். அவருக்குச் சரி. கணினியில் விளையாடுகிறவர்களுக்கும் சரி. அவருடைய உம்மா கிண்டித் தந்த தொதல் இனிப்புக்காக இன்னொரு தடவையும் அந்த வீட்டுக்குப் போகலாம், சிவப்புக்காகப் போக மாட்டேன்.

ஒலுவிலுக்குப் போகும்போது வழியெல்லாம் காற்று. வலது பக்கம் வயல், இடது பக்கம் கடல் இருப்பது காற்றில் தெரியும். பதினொன்றேகாலுக்குச் சேர்ந்தோம். நுஸ்ரா பல்கலைக்கழக மாணவி, துறைமுகத்துக்கு ஒரு கிலோமீற்றர் இந்தப் பக்கம் வாடகை அறையில் மூன்று பேரோடு இருக்கிறாள். மற்றவர்கள் தூங்க வேண்டுமென்று சத்தம் அடக்கிய சுவிட்ச் போட்டிருந்தாள். சிவப்பைப் போன்றதுதான், உள்ளே மேலும் கீழும் இறப்பர் வைத்திருப்பார்கள். ஒன்றைக் கழற்றிக் காட்டினாள். ஸ்பிரிங்கில் துரு.

"கடல்காத்து ராத்தா. வருசத்துக்கு ரெண்டு மூணு மாத்துவன்," என்றாள்.

தட்டினேன். ரொட்டிக்குக் குழைத்த மாவில் விரலை அழுத்துவது போல இருந்தது. எழுத்து விழுந்ததா இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் திரையைப் பார்த்தேன். வெளியே நின்ற சஃபா ஓடி வந்தாள்.

"ஒண்டுமே கேக்கல்ல! அந்த நீட்டு விசை மட்டும் இடைக்கிட தொம் எண்டு விழுது. இதத்தான் வாங்கணும் ராத்தா."

நீட்டு விசை என்றது இடைவெளி விசையை. அதன் கீழே ஒரு கம்பி இருக்கிறது, எந்தச் சுவிட்ச் போட்டாலும் அது வாயை மூடாது என்று நுஸ்ராவும் சொன்னாள். என் பலகையில் சுவிட்சை மட்டும் கழற்றி மாற்றலாம். ஒரு செட் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லித் தந்தாள். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

ஆட்டோவில் ஏறியதும் சஃபா அழத் தொடங்கினாள். "எனக்காக வாங்குங்க ராத்தா. உம்மா உங்கள ஏசுறத என்னால கேக்க ஏலா. அவரும் செவந்த கண்ணோட டியூட்டிக்குப் போறார். ரெண்டு பக்கமும் எனக்குத்தான் வெக்கம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் மேல் இல்லை. அந்த மாவுச் சுவிட்சில் என்னால் பாதி வேகத்துக்கு மேல் தட்ட முடியாது. அதை வாங்கினால் மதியத்துக்கு முன் வேலை முடியாது, மெல்ல மெல்ல வேலையே போய்விடும். ஒரு மனிதனின் தூக்கத்துக்காக மூன்று ஊரில் பலகை தட்டியிருக்கிறேன். அந்த மனிதனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வீட்டுக்குப் போனதும் நான் அவரிட்டக் கேக்கப் போறன்," என்றேன்.

"ராத்தா, வேணாம்! உம்மா மௌத்தாகிருவா!"

"இதுக்கெல்லாம் உம்மா சாக மாட்டா."

யோகன் அண்ணன் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினார்.

வழியில் தொழுது, சாப்பிட்டு, வீட்டுக்கு வர மூன்று மணி. இர்ஷாத் எழும்பி முற்றத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கோப்பையோடு எழுந்து நின்றார். சஃபா என் பின்னால் ஒளிந்தாள். உம்மா குசினி வாசலில் மீன் கத்தியோடு நின்றார்.

"ஒண்டு கேக்கணும், ஒளிக்காமச் செல்லணும். நான் தட்டுறதால உங்கட தூக்கம் கெடுதா?"

அவர் நிலத்தைப் பார்த்தார். உம்மா, "சும்மா கேக்கிறா மகன், நீங்க குடிங்க," என்றார். நான் நகரவில்லை.

"சத்தத்தால ஒண்டுமில்ல மதினி," என்றார் கடைசியில். "ஆஸ்பத்திரிக்காரன் நான், எந்தச் சத்தத்திலயும் தூங்குவன். இடைக்கிட பலகையில தொம் எண்டு ஒண்டு அடிக்கும், அவ்வளவுதான். அறைக்குள்ள வெக்கைதான் தாங்க ஏலாம இரிக்கி."

"ஃபேன் இருக்கே?"

"அது கிறீச்சி கிறீச்சி எண்டு கத்தும். காதுல கேட்டுக் கேட்டு எழுதுற வேல, சின்னச் சத்தமும் ஆகாது எண்டு மாமி சென்னாங்க. அதால காலையில நான் போடுறல்ல."

கிட்டத்தட்ட மூன்று மாதம். இந்த வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, விசிறியைப் போடாமல் அந்த மனிதர் எனக்காக வியர்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நானோ காதை இறுக்கி மூடும் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் தேங்காய் விழுந்தாலும் கேட்காது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சஃபா அழுதே விட்டாள். உம்மா மீனைக் கழுவ வேண்டும் என்று உள்ளே போய்விட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஆட்டோ அவசியமில்லை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால் இந்த ஊர்களெல்லாம் வழியில்தான், செலவு மிகக் குறைவு. சனிக்கிழமை நல்லது, ஆனால் மதியம் ளுஹர் தொழுகைக்கு முன் பார்த்து முடியுங்கள். தமிழ் நிறையத் தட்டுகிறவர்கள் சிவப்பை வாங்கும் முன் சுண்டுவிரலை வைத்துப் பாருங்கள். அலுவலகத்தில் இன்னொருவர் பக்கத்தில் இருந்தால் பழுப்பு எடுங்கள். இறப்பர் வைத்ததை, மெல்லத் தட்டும் பழக்கமுள்ளவர்கள் எடுக்கலாம். கடலோரத்தில் இருந்தால் சுவிட்சைக் கழற்றி மாற்றக்கூடிய பலகை மட்டும் வாங்குங்கள், பாவிக்காத நேரம் துணி போட்டு மூடுங்கள். மேசையைச் சுவரிலோ தடுப்புப் பலகையிலோ முட்ட வைக்காதீர்கள். நான் ஒரு சாண் தள்ளி வைத்து, கீழே பழைய தொழுகைப் பாய் ஒன்றை மடித்துப் போட்டேன், அந்த 'தொம்' போய்விட்டது. யாருக்காகச் சுவிட்ச் மாற்றப் போகிறீர்களோ அவரிடம் முதலில் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

நான் எந்தச் சுவிட்சும் வாங்கவில்லை. நீலம் நீலமாகவே இருக்கிறது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் விசிறி கிறீச்சிட்டுச் சுழன்றது, அதற்கும் மேலே குறட்டை. ஹெட்ஃபோனை ஒரு காதில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுத் தட்டினேன். உம்மா வந்து என் கதிரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"இனி இந்த வீட்டுல எனக்கு மட்டுந்தான் தூக்கமில்ல," என்றார்.

நான் நிறுத்தவில்லை.