கேஸ்கெட் வேண்டாம் என்ற லூர்துசாமி

"லூர்து சாப் போய்ட்டார்" என்று காஜா மியான் வந்து சொன்னபோது நான் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மெட்டுகூடாவிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருந்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். "நக்கோ சாப், இன்னும் நாலு வீட்டுக்குச் சொல்லணும்" என்று கேட்டைப் பிடித்தபடியே நின்றார். நம் ஆலை கேண்டீனில் காலமெல்லாம் சமைத்துவிட்டு, போன வருடம்தான் ஓய்வு பெற்றவர். அழவில்லை. சைக்கிளைத் திருப்பும்போது மட்டும் பெடல் காலுக்கு அகப்படாமல் தடுமாறினார்.

பிறகு செகந்திராபாத் சர்ச் ஹாலில் இரங்கல் கூட்டம் போட்டீர்கள். ஆலை ஓய்வுபெற்றோர் சங்கத்து நண்பர்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள், சமோசா நன்றாக இருந்தது. செத்தவரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் வரிசையாக மைக்கைப் பிடித்தார்கள். அதில் ஒருவர், "லூர்துசாமி பெரிய மூளைக்காரர்தான், ஆனால் அடுப்பு மூடியை அடைக்கச் சொல்லி ஆலை நாள் விருந்தையே கொளுத்தியவரும் அவர்தான்" என்றார். ஹாலே சிரித்தது. முன்வரிசையில் சங்கத்தின் புரவலராக உட்கார்ந்திருந்த நம் முன்னாள் ஜி.எம்.மும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சங்கத்தின் நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என்னிடம் நல்ல வார்த்தைகள் அதிகம் மிச்சமில்லை.

லூர்துசாமி நல்லவர் என்று நான் புளுகப் போவதில்லை. ஆலைப் பட்டறையில் இன்ஜினியர், பழகுவதற்குக் கொடுமையான மனிதர். அவர் தாத்தா திருச்சியிலிருந்து லாலாகூடா ரயில்வே பட்டறைக்கு வந்தவர். மூன்று தலைமுறையாக இங்கேயே இருந்தும் அந்தத் திருச்சி வாய் போகவில்லை, அதோடு இந்த ஊர் நக்கலும் சேர்ந்துகொண்டது. நான் கொள்முதல் பிரிவில் இருந்தேன் என்பதால் என்னைப் பெயர் சொல்லியே கூப்பிட்டதில்லை. "என்னய்யா பர்ச்சேஸ், இன்னிக்கு என்னத்தை லேட்டா வாங்கினே?" என்பார். தான் சொன்னது சரி என்று நிரூபிப்பதற்காகச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகிறவர். அவரோடு சண்டை போடாமல் பேசியதாக எனக்கு ஒரு நாளும் நினைவில்லை.

அந்த அடுப்பைப் பார்க்காத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். வார்ப்புக்கு மர அச்சு செய்யும் பிரிவில் மலையாகக் குவியும் மரத்தூளை வெல்லப்பாகுக் கழிவோடு பிசைந்து, விரல்நுனி அளவுக்குச் சின்னச் சின்னக் கட்டிகளாக லூர்துசாமி அழுத்தியெடுத்தார். ஒரு எண்ணெய் டிரம்மை நீளவாக்கில் அறுத்து, கீல் வைத்து மூடி போட்டார். பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. அதில் கட்டிகளைக் கொட்டினால் ஒரு திருகு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும், சின்ன மின்விசிறி ஒன்று காற்று ஊதும். ஆள் உட்கார்ந்து விறகு தள்ள வேண்டாம். உள்ளே கம்பிமேல் அடுக்கிய கோழி, புகை மணத்தோடு தானே வெந்து நிற்கும். காஜா மியான் முதல்முறை தின்று பார்த்துவிட்டு இன்னொரு துண்டு எடுத்தார்.

குறை ஒன்றுதான். மூடியின் விளிம்பைச் சுற்றிப் புகை கசியும். அதை ஜி.எம். பார்த்துவிட்டார். மத்திய அரசு நிறுவனத்தில் ஓர் அடுப்பு ஒழுகலாமா? உடனே ஒரு குழு போட்டார். அடுப்பு மூடிக்குக் கசிவு அடைக்கும் கேஸ்கெட் வைப்பதா வேண்டாமா என்று, பட்டம் பெற்ற பெரியவர்கள் ஏசி அறையில் கூடிக்கூடிப் பேசினார்கள். ஒருவராவது இறங்கிப்போய் அடுப்பைப் பார்த்தாரா என்றால், இல்லை. பிஸ்கட் மட்டும் தீர்ந்துகொண்டே இருந்தது. லூர்துசாமியைக் கூப்பிட்டபோது அவர் உட்காரக்கூட இல்லை.

"கேஸ்கெட் நக்கோ. விசிறி உள்ளே ஊதுது. ஊதின காத்து எங்கயாவது வெளிய போகணும்ல? நீங்க குடுத்த புகைக்குழாய் சின்னது, அதான் மீதி மூடி வழியாப் போகுது. மூடியை இறுக்கி அடைச்சீங்கன்னா அது திருகு வழியாப் பெட்டிக்குள்ள திரும்பும். பெட்டி முழுக்கக் கட்டி இருக்கு. எல்லாம் பத்திக்கும்" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "நாலு தடவை கோழி சுட்டா கொழுப்பும் கரியும் படிஞ்சு வேணுங்கற அளவுக்குத் தானே அடைச்சுக்கும். அதுக்கு இருக்கற புத்தி கமிட்டிக்கு இல்லை" என்றும் சொன்னார்.

குழு கேஸ்கெட் வாங்கப் பரிந்துரைத்தது. வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. கேஸ்கெட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு ஒரு சுருள் என்று ஆர்டர் போட்டேன். நம் ஆலை வழக்கப்படி அது வரவில்லை, ஆலை நாள்தான் வந்தது.

அன்றைக்கு டில்லி தலைமையகத்திலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். காஜா மியான் அப்போது தினக்கூலி. வருடக்கணக்காகச் சமைத்தும் அவரை நிரந்தரமாக்கவில்லை. சாப்பாடு நன்றாக அமைந்தால் நிரந்தரமாக்குகிறேன் என்று ஜி.எம். சொல்லியிருந்தார். மியானுக்கு மூன்று பெண் குழந்தைகள். விடியும் முன்பே வந்து மசாலா தடவிக்கொண்டிருந்தார். கோழி எல்லாம் அடுக்கி நெருப்பும் பிடித்த பிறகு லூர்துசாமி, விசிறிக்கு மாற்று ஃப்யூஸ் எடுத்துவரப் பட்டறைக்குப் போனார். அடுப்பருகே நானும் மியானும் மட்டும் நின்ற அந்த நேரம் பார்த்து ஜி.எம். வந்தார். மூடியில் புகை கசிந்துகொண்டிருந்தது.

"என்னய்யா இது அசிங்கம்? கெஸ்ட் வர்ற நேரத்துல" என்றார். பிறகு மியானிடம் திரும்பி, "பிரியாணிக்குத் தம் எப்படி வைப்பே? ஆட்டாவைப் பிசைஞ்சு சுத்தி ஒட்டு" என்றார். இந்த ஊரில் மூடியில் ஆவி கசிந்தால் யாருக்கும் கை மாவுக்குத்தான் போகும். ஆனால் தம் பாத்திரத்துக்குள் யாரும் விசிறி வைத்து ஊதுவதில்லை. "லூர்துசாமி வந்துரட்டும் சார்" என்றேன். "அடுப்பு மூடறதுக்கும் இன்ஜினியர் பர்மிஷனா?" என்று கேட்டுவிட்டு அவர் பந்தலுக்குப் போய்விட்டார். மியான் மாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பட்டறைக்கு ஓடினேன்.

நாங்கள் இருவரும் திரும்பி வந்தபோது மூடியைச் சுற்றி மாவு ஒட்டியிருந்தது, தகரப் பெட்டி எரிந்துகொண்டிருந்தது. அதிலிருந்து பந்தல் துணி பிடித்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை. கோழி கரிக்கட்டை. டில்லிக்காரர்களை ஆபிட்ஸில் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப் போனார்கள்.

மறுநாள் விசாரணை. விசாரித்தவர் யார் என்கிறீர்கள்? ஜி.எம்.தான். கூச்சம் என்று ஒன்று அந்த மனிதருக்கு எந்தக் கடையிலும் கிடைத்ததில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் லூர்துசாமி, நான், ஓரத்தில் காஜா மியான்.

"மூடியை அடைச்சது யாரு?"

"நான்தான் சாப்" என்றார் மியான். யார் சொல்லி அடைத்தார் என்று சொல்லவில்லை. தினக்கூலி எப்படிச் சொல்வார்?

"அப்ப நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

நான் வாயைத் திறந்தேன். லூர்துசாமி என் கால்மேல் பூட்ஸை வைத்து அழுத்தினார். வலி உயிர் போயிற்று.

"அடைக்கச் சொன்னது நான் சார்" என்றார்.

வேண்டாம் வேண்டாம் என்று ஊரைக் கூட்டியவர். அத்தனை பேரையும் முட்டாள் என்று திட்டியவர். அந்த மனிதரின் சொத்தே தான் சொன்னது சரி என்பது ஒன்றுதான். அதைத்தான் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கசியறதைப் பார்த்து பயந்துட்டேன். புத்தி கெட்டுப் போய்ச் சொல்லிட்டேன்" என்றவர், ஜி.எம்.மை நேராகப் பார்த்து, "நான் சொன்னதைத்தான் மியான் செஞ்சான். சொன்னதைச் செய்யறவனைத் தூக்கினா, நாளைக்கு நீங்க ஏதாவது சொன்னா எவன் சார் செய்வான்?" என்றார்.

ஜி.எம்.முக்குப் புரிந்தது. இல்லாவிட்டால் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்திருக்காது. தன் பொய்யை வேறொருவன் சொல்லி முடித்த நிம்மதி. கொஞ்ச நாளில் காஜா மியான் நிரந்தரமானார். லூர்துசாமிக்கு அதன் பிறகு பதவி உயர்வு கிடைக்கவே இல்லை. அவரிடம் வேலை கற்றவர்கள் அவருக்கு மேலதிகாரி ஆனார்கள். அதே மேஜையில் ஓய்வு பெற்றார்.

வெளியே வந்ததும் நான் கத்தினேன், இதை ஊருக்கே சொல்லப் போகிறேன் என்று. "சொன்னா அந்தாள் இல்லேம்பான், மியான் தெருவுல நிப்பான். மியானுக்கு வேலை இருக்கற வரைக்கும், எனக்கு உசுரு இருக்கற வரைக்கும் பேசாதே. அப்புறம் என்ன எழவையும் எழுதிக்கோ" என்றார். "ஏன்யா இப்படிப் பண்ணினே?" என்று கேட்டேன். "மியான் போயிட்டா இங்க சோறு நீ ஆக்குவியா? உன் மூஞ்சி" என்றார். அழுதது நான்தான். அவர் கடலை வாங்கித் தின்றார்.

கேஸ்கெட் கயிறும் வந்து சேர்ந்தது, அடுப்பை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்ட பிறகு. யாருக்கும் தேவையில்லாமல் ஸ்டோர்ஸில் கிடந்தது. ஓய்வு பெறும் நாளில் லூர்துசாமி அதைக் கேட்டு வாங்கி, ஒரு செய்தித்தாளில் சுற்றி எனக்குப் பரிசாகக் கொடுத்தார். "நீ வாங்கினதுல உருப்படியா ஒண்ணுக்காவது உபயோகம் ஆகட்டும், பர்ச்சேஸ். வாய் அரிக்கும்போதெல்லாம் இதை வச்சு அடைச்சுக்கோ."

அப்படியேதான் அடைத்துக்கொண்டு இருந்தேன், நீங்கள் சர்ச் ஹாலில் சிரித்தபோதும்கூட. மியான் ஓய்வு பெற்றுவிட்டார், லூர்துசாமியும் போய்விட்டார். இனி நான் யாருக்காகவும் பேசாமல் இருக்க வேண்டியதில்லை. கயிற்றுச் சுருள் என் அலமாரியில் இருக்கிறது, அதை யாருக்கும் தர மாட்டேன். முன்வரிசையில் சிரித்த புரவலருக்கு மலரின் முதல் பிரதியைக் கொடுப்பது வழக்கமாம். அதை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். காஜா மியானும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.