தவராசா இல்லாத நேர்முகம்

தவராசா காலமான செய்தி வந்தபோது நான் ஓமந்தையில் பேருந்துக்காக நின்றிருந்தேன். ஆய்வு நிலையத்தில் அவரோடு பணியாற்றிய துளசி அழைத்தாள். “சேர், தவராசா சேர் விடியப்புறம் போயிட்டார். நித்திரையிலேயே.” அதுகூட அவருக்கு எளிதாக வாய்த்துவிட்டதே என்றுதான் முதலில் தோன்றியது. அவரை அறிந்த நீங்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இருவரும் வவுனியாவில் ஒரே அலுவலக அறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள். குளத்து நீரை எந்த வாய்க்காலுக்கு எப்போது, எவ்வளவு விட்டால் விளைச்சல் கூடும் என்று கணினியில் கணிப்பு மாதிரி அமைத்துச் சொல்ல ஓர் ஆய்வாளர் தேவை எனக் கிளிநொச்சி ஆய்வு நிலையம் ஒன்று விளம்பரம் செய்தது. இருவரும் விண்ணப்பித்தோம். என்னுடைய கணிப்பு மாதிரி நுணுக்கமானது என்று அவரே ஒப்புக்கொண்டார். நேர்முகத்தில், “உங்கள் கணிப்புச் சரியாக வருமா?” என்று கேட்டார்கள். நான் கணிப்புக்கு அடிப்படையான எடுகோள்களை ஒவ்வொன்றாக விளக்கினேன். அவரோ, “பிழைக்கும், சரியா வராது. எவ்வளவு பிழைக்கும் எண்டு எனக்குத் தெரியும்” என்றாராம். வேலை அவருக்குப் போனது.

பிறகு தேநீர்க் கடையில் வைத்துச் சொன்னார்: “ஐசே, உம்முடைய கணக்குச் சரி. நீர் சொல்லேக்கதான் பிழை மாதிரிக் கிடக்கு.” நானும் சிரித்தேன். தேநீருக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

தண்ணீர் குறைந்த சிறுபோகப் பயிர்க்காலத்தில் குளத்துக்குக் கிட்டிய வயல்களை மட்டும் விதைப்பார்கள். தொலைவில் காணி உள்ளவர்களுக்கும் அதிலே பங்கு கொடுப்பது எங்கள் பகுதி வழக்கம். விதைப்புக்கு முந்திய விவசாயிகள் கூட்டத்தில் தவராசா காட்டிய திட்டத்தில் அந்தப் பங்கு இல்லை. பின்வரிசையில் இருந்த எனக்கு அது உடனே தெரிந்தது. எழுந்து சொல்வதா என்று யோசிப்பதற்குள் தொலைவில் காணி உள்ள முரசுமோட்டை ஊர்ப் பெண் ஒருவர் எழுந்துவிட்டார்.

“அப்ப ஐயா, உங்கட கொம்பியூட்டருக்கு எங்களைத் தெரியாதோ?”

“தெரியாது தங்கச்சி. நான் அதுக்குச் சொல்லிக் குடுக்க மறந்துபோனன். அடுத்த கூட்டத்துக்குள்ள தெரியும்.”

மண்டபமே சிரித்தது. சொன்னபடி திருத்திக்கொண்டு வந்தார். விளைச்சல் சற்றுக் குறையும், ஆனால் ஒரு குடும்பமும் வெறுங்கையோடு போகாது என்றார். அன்று அந்தப் பெண் அவருடைய சைக்கிளில் ஒரு கட்டு முருங்கைக்காய் கட்டிவிட்டார். என் சரியான கணக்குகளுக்காக எனக்கு ஒருவரும் ஒரு முருங்கைக்காய்கூடத் தந்ததில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுவாரம் துளசி மீண்டும் அழைத்தாள். “சேர், அந்த வேலைக்குத் திரும்ப விளம்பரம் போட்டிட்டினம். நீங்கள் விண்ணப்பம் போடுங்கோ.”

“எனக்கு வயது போயிட்டுது பிள்ளை.”

“தவராசா சேருக்கும் உங்கட வயதுதானே?”

விண்ணப்பித்துவிட்டேன். திங்கட்கிழமை நேர்முகம். அதே கேள்வியைக் கேட்பார்கள். “பிழைக்கும்” என்ற அவருடைய பதிலைச் சொல்லிப் பார்க்கிறேன்; என் வாயில் அது நீண்டு விளக்கமாகிவிடுகிறது. ஆனாலும் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சொல்லைத்தான். பொறாமையும் கூடவே இருக்கிறது, அது போகவில்லை. இந்த முறை வேலை எனக்கே கிடைத்தாலும், தேநீர்க் கடையில் எதிர்க் கதிரையில் இருத்திச் சொல்லிக் காட்டத் தவராசா இல்லை.