வால் பக்கம் பாரம்

மயிலாப்பூரில் பணி ஓய்வு பெற்றவர்கள் சபா, கோவில், சர்க்கரை நோய் என்று மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்வது வழக்கம். சந்திரமௌலி விமானம் கட்டினார். ஒருவர் மட்டும் உட்காரும் குட்டி விமானம். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே, தன் காரை வெயிலில் காயவிட்டு, அந்த இடத்தில் ஆறு வருஷம் கட்டினார். மிச்சமான அலுமினியக் குழாய்களெல்லாம் வீட்டுப் பரணுக்குப் போயின.

எஞ்சினைவிட எடைதான் அவருக்குப் பயம். வால் கனத்தால் மூக்கு தூக்கும். மூக்கு தூக்கினால் வேகம் செத்து விமானம் கல்லாக விழும். அதனால் ஆகஸ்டிலேயே, ஊரூர் குப்பத்தில் மீன் விற்கும் கங்கம்மாவிடம் மூன்று மேடைத் தராசு இரவல் வாங்கி, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, தானும் ஏறி உட்கார்ந்து எடை போட்டார். ஒரு வாரம் அவர் மேல் வஞ்சிர வாசனை அடித்தது. இறக்கை கழற்றிய வெறும் உடலை எங்கே தாங்கினால் சமமாக நிற்கும் என்றும் கணக்குப் போட்டு, அங்கே சிவப்புப் பொட்டு வைத்தார்.

ஜனவரியில் அனுமதி வந்தது. மறுநாள் காலை முதல் பறப்பு. தெருவைத் தோண்டிப் போட்டிருந்ததால், விமானத்தை ஓடுதளத்துக்குக் கொண்டுபோக வந்த லாரி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அதுவரை தூக்கிப் போக, கோவிலில் சாமி தூக்கும் முருகையன் ஏழு பேரோடு வந்தார். இறக்கைகளைக் கழற்றிவிட்டு, சிவப்புப் பொட்டு நடுவில் வரும்படி இரண்டு தண்டுகளைக் கட்டினார்கள்.

தூக்கினார்கள். முன்னால் நால்வரும் மாப்பிள்ளைத் தோழர்கள் போல நிமிர்ந்து நின்றார்கள். பின்னால் நால்வருக்கும் முழங்கால் மடங்கியது.

"சார், வால் பக்கம் இன்னாமோ கீது," என்று இறக்கச் சொன்னார் முருகையன்.

"ஒண்ணும் கிடையாதுப்பா. கிராம் சுத்தமா எடை போட்டிருக்கேன். நீங்கதான் உயரம் பார்த்து நிக்கலை."

முருகையனுக்குச் சுருக்கென்றது. "முப்பது வருசமா சாமி தூக்கறேன் சார். உசரம் பாக்காமயா நிப்போம்? உங்க கணக்கு பேப்பர்ல கீது. பாரம் எங்க தோள்ல கீது."

சந்திரமௌலி வீம்புக்காகவே இருக்கைக்குப் பின்னாலிருந்த துணித் தடுப்பின் ஜிப்பைத் திறந்து வாலுக்குள் டார்ச் அடித்தார். உள்ளேயிருந்து செட்டியார் பொம்மை சிரித்தது. பக்கத்தில் செட்டியாரம்மா. அவர்களுக்குப் பின்னால், பழைய புடவையில் சுற்றிய தசாவதாரம்.

மொத்தம் பதினேழு கிலோ. எடை போட்டது கொலுவுக்கு முன்னால். பொம்மைகள் ஏறியது கொலு முடிந்த பின். நாளைக் காலை பெருமாளின் பத்து அவதாரங்களும் துணைக்கு வர, அவர் நேரே வைகுண்டம் போயிருப்பார்.

"ஜானு!" என்று கத்தினார்.

மனைவி இறங்கி வந்தாள். பொம்மைகளைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் வெளுத்துப் போனாள். ஜானுவுக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"பரண் பூரா உங்க குழாய். பொம்மையை எங்க வெக்கறதுன்னு எத்தனை தரம் கேட்டேன்! பிளேனுக்குள்ள பின்னாடி காலியாத்தானே இருக்கு, அங்க வெச்சுடட்டுமான்னு உங்களண்டையே கேட்டேனோல்லியோ?"

"நான் என்ன சொன்னேன்?"

"லேப்டாப்லேர்ந்து தலையைக்கூடத் தூக்கலை. 'பேஷா வை'ன்னேள்."

சாமி தூக்கும் எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். ஜானு தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்திரமௌலிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

லாரியைத் திருப்பி அனுப்பினார். பரண் ஏறுவதற்கு ஏணி எங்கே இருக்கிறது என்று அவளிடம் கேட்டார். பதில் வரும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.