அஞ்சல்தலை அளவு முகம்

உருவம் கடந்து நின்றும் அடியவர் கண்களுக்காக உருவம் ஏற்று வருபவனே, மஞ்சு மூடிய குன்றின்மேல் மூடாத விளக்காய் நிற்பவனே, முருகா! என் கை செய்த பிழையைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்ல எனக்கு நாவு கொடு.

வைகாசித் திங்கள், விசாகம் கூடிய நன்னாள் இன்று. நீராடி, நீறணிந்து, விளக்கேற்றிய பின் இதை எழுத அமர்ந்திருக்கிறேன்.

ஏற்காட்டில் ஒரு பள்ளியின் நூலகராகப் பணி செய்தேன். ஓய்வு பெறுவதற்கு நான்கு ஆண்டுகள் இருந்தபோது, தொண்ணூறுகளின் பிற்பாதியில், எங்கள் பள்ளிக்கு முதல் கணினி வந்தது. அதை நூலகத்தில் வைத்தார்கள். சேலத்திலிருந்து வந்த இளைஞர் அதில் இரண்டு நிரல்களைப் பதித்துக் கொடுத்தார். ஒன்று நூலகத்துக்கானது, நூல்களின் பட்டியல், உறுப்பினர் பெயர், யார் எந்த நூலை எடுத்தார்கள் என்ற குறிப்பு எல்லாம் அதற்குள். மற்றொன்று புகைப்படங்களைத் திருத்துவதற்கானது. பள்ளியின் ஆண்டு மலருக்காக வாங்கியது. இரண்டையும் ஒரே வேளையில் திறந்தால் கணினி திகைத்து நின்றுவிடும். ஒன்றை மூடினால்தான் மற்றொன்று திறக்கும். நாளொன்றுக்குப் பத்து முறையாவது நான் அப்படி மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

நூலகத்தைப் பெருக்கி, நூல்களுக்கு உறை போட்டு, அலமாரிகளை ஒழுங்கு செய்ய ஓர் அம்மாள் இருந்தார். வெள்ளக்கடை என்னும் மலையூரிலிருந்து வருபவர். கணவர் எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்தார். இரண்டு பெண்கள். மூத்தவள் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், பத்தொன்பது வயதில், மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். இளையவளுக்கு அந்த ஆண்டுத் தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருந்தது.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் அந்த அம்மாள் முந்தானைக்குள்ளிருந்து கண்ணாடி போட்ட ஒரு படத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தார். மூத்த பெண் தனியாக நிற்கும் படம். கோயில் திருவிழாவுக்குக் குப்பனூர்ப் பக்கத்திலிருந்து கேமராவோடு ஏறி வந்த யாரோ ஒருவர் எடுத்தது. அவர் பிறகு இந்த மலைக்கு வரவே இல்லை. அவளைக் காட்டும் படம் உலகில் அது ஒன்றுதான். எங்கள் ஊர் ஈரத்தில் அதன்மேல் பூஞ்சணம் படர்ந்து, முகமெங்கும் சிறு சிறு புள்ளிகளாய் அரித்திருந்தது.

"ஏனுங்கய்யா, அந்தப் பொட்டியில போட்டு மூஞ்சியத் தொடச்சுக் குடுக்க முடியுங்களா?"

எதற்கு என்று கேட்டேன்.

"சின்னவ கண்ணாலத்துக்கு முன்னால இவளுக்குச் சேலை வெச்சுக் கும்பிடோணுங்க. கண்ணாலம் ஆவாம போன புள்ளைங்கள ஊட்டுச் சாமியாக் கும்பிட்டுட்டுத்தான் பந்தக்கால் நடுவோம். சொந்தக்காரங்க எல்லாரும் வந்து இவ மூஞ்சியப் பாத்துத்தானுங்க பூப் போடுவாங்க. இந்தப் பூசணத்தோட எப்பிடிங்க வெக்கறது?"

அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். நான் சரி என்றேன்.

கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த பாய் அந்தப் படத்தைச் சேலத்துக்கு எடுத்துப் போய் ஸ்கேன் செய்து, ஃபிளாப்பியில் பதிந்து வந்தார். வந்தவர் நின்ற நிலையிலேயே சொன்னார்.

"கண்ணாடியோட வெச்சு ஒருக்கா ஸ்கேன் எடுத்தது நல்லதாப் போச்சுங்க ஐயா. இன்னும் தெளிவா எடுக்கலாம்னு கண்ணாடியப் பிரிச்சேன். மூஞ்சி கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. இனிமே இந்த டிஸ்க்குல இருக்கறதுதானுங்க. ஸ்கேன் பண்ணுன கடைக்காரன் சாயங்காலமே அவனுதுல அழிச்சுப்போடுவான்."

முகம் உரிந்த அட்டையை அவர் நீட்டினார். அம்மாள் அதைத் தடவிப் பார்த்தார். "போவுதுங்க பாய். அதான் புள்ள உள்ள இருக்கறாளே" என்றார்.

அன்று முதல் பகல் உணவு வேளையில் நூலக நிரலை மூடிவிட்டுப் பட நிரலைத் திறப்பேன். ஒரு புள்ளியின் பக்கத்தில் இருக்கும் தோல் நிறத்தை எடுத்து, அந்தப் புள்ளியின்மேல் வைப்பேன். பிறகு அடுத்தது. மாணவர்கள் வரும் மணி அடித்ததும், மாற்றங்களைச் சேமிக்கவா என்று நிரல் கேட்கும். ஆம் என்று சொல்லி மூடிவிட்டு நூலக நிரலுக்குத் திரும்புவேன். பாய் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பொஸ்தகத்துக்கு நெம்பர் போட்ட கை, இப்பப் பொம்பளப் புள்ளைக்குப் பவுடர் பூசுதாக்கும்!" அம்மாளும் சிரித்துவிட்டார். "பூசட்டுங்க பாய். உசுரோட இருந்தப்ப எங்க பூசுனா?"

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் படத்துக்கு ஒரு படியெடுத்துக் கணினியில் வைக்க எனக்குத் தெரியும். வைக்கவில்லை. பள்ளியின் பொருளில் என் சொந்தக் காரியம் எதுவும் தங்கக் கூடாது என்பது நானே எனக்கு விதித்துக்கொண்ட நெறி. பள்ளியின் தாளில் ஒரு பதிகம்கூட எழுதிக்கொண்டவன் அல்லன் நான். வேலை முடிந்ததும் ஃபிளாப்பியைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துச் சென்று பூசை அலமாரியில் வைப்பேன். அந்தத் தூய்மையில் எனக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது.

மார்கழி பிறந்தது. தை முதல் மாணவர் எல்லாருக்கும் படம் பதித்த நூலக அட்டை தர வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். நூலக நிரலில் ஒவ்வோர் உறுப்பினர் பக்கத்திலும் அஞ்சல்தலை அளவில் ஒரு கட்டம் உண்டு. அதற்குள் படம் அமர வேண்டுமானால், முதலில் பட நிரலில் அதைத் திறந்து, முகத்தை மட்டும் வெட்டி, அஞ்சல்தலை அளவுக்குச் சுருக்கி, ஆம் என்று சேமித்து மூட வேண்டும். பிறகு நூலக நிரலைத் திறந்து உரியவர் பக்கத்தில் சேர்க்க வேண்டும். திறத்தல், வெட்டல், சுருக்கல், ஆம், மூடல். நாள் முழுதும் இதே வரிசை. விரல்கள் செபமாலை உருட்டுவதுபோல் தாமாகவே செய்யப் பழகிவிட்டன.

அன்று பகலில் அந்தப் பெண்ணின் படம் திறந்திருந்தது. மோவாயின் கீழ் இரண்டே புள்ளிகள் மிச்சம். அவற்றையும் மறைத்தேன். முகம் முழுமையாய்த் தெளிந்து என்னைப் பார்த்தது. அந்த நேரத்தில் ஓர் ஆசிரியர் கதவருகே வந்து, "ஐயா, எங்க வகுப்புப் படமெல்லாம் ஏத்தியாச்சுங்களா? பசங்க வந்து நிக்கறாங்க" என்றார். இதோ என்றேன். அவர் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டே இருந்தேன். கை தன் வரிசையைச் செய்தது. வெட்டியது. சுருக்கியது. ஆம் என்றது. மூடியது.

நூலக நிரல் திறந்தது. அடுத்த மாணவனுக்கான வெற்றுப் பக்கத்தில் படத்தைச் சேர்த்தேன். சின்னஞ்சிறு கட்டத்துக்குள் அவள் இருந்தாள். பக்கத்தில் பெயர், வகுப்பு, சேர்ந்த நாள் என வரிசையாக வெற்றுக் கோடுகள். கடைசிக் கோடு, உறுப்பினர் தகுதி முடியும் நாள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு ஃபிளாப்பியைத் திறந்து தேடினேன். ஃபிளாப்பியில் இருந்த பெரிய படத்தின் இடத்தில், அதே பெயரில், இந்தச் சிறிய படம் உட்கார்ந்துவிட்டது. சேலத்து இளைஞரைத் தொலைபேசியில் அழைத்தேன். "சேவ் ஆயிடுச்சுன்னா அவ்வளவுதாங்க ஐயா. பெருசு பண்ணலாம், ஆனா மூஞ்சி வராது, கட்டம்தான் வரும்" என்றார்.

மூன்று நாள் நான் அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. "முடிஞ்சுதுங்களா ஐயா?" என்று கேட்டபோதெல்லாம், இன்னும் கொஞ்சம் இருக்கிறது அம்மா என்றேன். அது பொய். மார்கழி விடியலில் கோயிலில் பதிகம் பாடுவது என் பல்லாண்டு வழக்கம். நான்காம் நாள், இறைவனின் திருமுகத்தைக் காட்டியருளுமாறு வேண்டுகின்ற அடிக்கு வந்தபோது குரல் எழவில்லை. உடன் பாடியவர்கள் என்னை விட்டுவிட்டு மேலே பாடிச் சென்றார்கள்.

அன்று காலை அவர் துடைப்பத்தை எடுக்குமுன் உட்காரச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து கணினி அருகே வந்தார். பிறகு, "பெருசு பண்ணிக் காட்டுங்க பாக்கலாம்" என்றார். வேண்டாம் அம்மா என்றேன். "காட்டுங்க ஐயா." காட்டினேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு கறுப்புச் சதுரங்கள் இருந்தன.

"மூடிப்போடுங்க" என்றார்.

மூடினேன். நிரல், சேமிக்கவா என்று கேட்டது. அன்று அந்தக் கேள்வியை இரண்டு முறை படித்த பிறகே பொத்தானை அழுத்தினேன்.

திருமணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வெள்ளக்கடைக்குப் போனேன். போகாமல் இருக்கவும் எனக்கு முகம் இல்லை, போகவும் முகம் இல்லை. நடுவீட்டில் புதுச்சேலை, வளையல், மஞ்சள், பூ. பாய் காசு வாங்காமல் அச்சிட்டுக் கொடுத்திருந்த அந்தச் சிறு படம், குங்குமச் சிமிழில் சாய்ந்து நின்றது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுப் பூப் போட்டார்கள். உறவுக்காரப் பெண் ஒருத்தி உரக்கவே கேட்டாள்: "ஏண்டி, பெத்த புள்ளைய இப்பிடித் தீப்பெட்டிப் படமாட்டச் சுருக்கி வெச்சிருக்கற? ஒரு நல்ல படம் போட வக்கில்லையா?"

நான் எழுந்தேன். என் பிழை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அவ நொம்பக் கூச்சக்காரிங்க அக்கா. இத்தன பேரு பாக்கறதுக்குப் பெருசா நிக்க மாட்டா" என்றார் அவர். அங்கே சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தோம். ஒரு முறையும் அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அது எனக்குத் தண்டனையாகவே இருந்தது. நான் ஓய்வு பெறச் சில நாள் இருந்தபோது, அலமாரி துடைத்துக்கொண்டிருந்தவர் துணியை வைத்துவிட்டு மேசையருகே வந்தார்.

"ஏனுங்கய்யா, நீங்க அவ மூஞ்சிய ரெண்டு மாசம் கிட்டக்க உக்காந்து பாத்தீங்க. என்னையவிட நீங்கதான் நல்லாப் பாத்திருக்கறீங்க. எனக்கு இப்பல்லாம் மறந்து மறந்து போவுது. அவளுக்குக் கன்னத்துல சின்னதா ஒரு மச்சம் இருந்துச்சுங்களே, அது எந்தப் பக்கமுங்க?"

நான் கண்ணை மூடி அந்த முகத்தை வரவழைத்தேன். நெற்றி வந்தது, மூக்குத்தி வந்தது, காதோரம் கலைந்த முடி வந்தது. இரு கன்னங்களும் மாசில்லாமல் வந்தன. மச்சம் எங்கேயும் இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கன்னத்தில் கண்ட கறுப்புப் புள்ளிகளை எல்லாம் பூஞ்சணம் என்றே எண்ணினேன். ஒவ்வொன்றின்மேலும் பக்கத்துத் தோலை எடுத்து வைத்தேன். அவற்றுள் ஒன்று அவளுடையது. அவள் முகத்தைச் சுருக்குவதற்கு முன்பே, நன்மை செய்கிறேன் என்ற நினைப்பில், அவளில் ஒரு துளியை நான் அழித்திருந்தேன்.

எளிதாக ஒரு பக்கத்தைச் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். முன்பு சொன்ன மூன்று நாள் பொய்யே என்னை விடவில்லை.

"தெரியவில்லை அம்மா. அதையும் பூஞ்சணம் என்று நான்தான் துடைத்துவிட்டேன்."

அவர் வலக்கை விரலை வலக்கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு இடக்கன்னத்தில். மறுபடியும் வலக்கன்னத்தில். சன்னல் கண்ணாடியில் மஞ்சு வந்து படிந்திருந்தது. "செரிங்க" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனார்.

இதைப் படிப்பவர் எவராயினும், உங்கள் அன்புக்குரியவர் முகங்கள் உங்கள் கண்ணைவிட்டு அகலாதிருக்கட்டும். அவற்றில் உள்ள மறுவும் மச்சமும் உங்களுக்கு நினைவிருக்கட்டும். நீங்கள் நன்மை கருதிச் செய்யும் செயலில் உங்கள் கைக்கு முன்னே உங்கள் கண் செல்ல, அந்தக் குன்றுறை இறைவன் துணை நிற்பானாக. உங்கள் இல்லங்களில் விளக்கு எரிக. மக்கள் நெடிது வாழ்க.