மழை நாளில் அம்மாவின் டீ

மேகம் கறுத்தால் அம்மாவுக்குத் தாகம் எடுக்காது என்று சிறுவயதில் நான் உறுதியாக நம்பினேன். வானம் மூடியதும் தன் டீயை என் பக்கம் நகர்த்திவிடுவாள். ஆகவே மழைக்காலம் எனக்கு இரண்டு டீ கிடைக்கும் காலம்.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து பெரிய மோரியை, அதாவது சாக்கடைக் கால்வாயை, ஒட்டி இருந்தது. பெங்களூரில் பெய்கிற மழையெல்லாம் எங்கள் வீட்டை விசாரித்துவிட்டுத்தான் போகும். தண்ணீர் வாசற்படி ஏறியதும் அப்பா முதலில் டிவியைப் பரண்மேல் ஏற்றுவார். பிறகு என்னை. அரிசி, துணிமணி எல்லாம் அம்மாவும் எங்களோடிருந்த அத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டியது. சந்துக் கோடியிலிருந்த பொதுக் கக்கூஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் மூழ்கிவிடும். ஆண்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் போய் வருவார்கள். பெண்கள் எங்கே போவார்கள் என்று நான் யோசித்ததில்லை. அப்பாவும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒரு வருஷம் தண்ணீர் வடியாமல் நின்றது. அம்மாவுக்கு அடிவயிற்று வலியும் குளிர்காய்ச்சலும் கண்டது. முழங்கால் தண்ணீரில் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். பின்னால் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

தண்ணீரே குடிப்பதில்லையா என்று டாக்டரம்மா கன்னடத்தில் கேட்டார்.

"வீடு முழுக்கத் தண்ணிதானே மேடம், இன்னா கொறச்சல்?" என்றார் அப்பா.

அம்மா சுவரைப் பார்த்தாள். அத்தைதான் பேசினாள்.

"குடிச்சா எங்க போறதுண்ணா? கக்கூஸ் முழுவிப்போச்சி. உனக்கு ரோடு கீது. நாங்க இருட்டுற வரைக்கும் அடக்கிக்கினு உக்காந்துக்கீறோம்."

இன்னும் விட்டிருந்தால் கிட்னி போயிருக்கும் என்றார் டாக்டரம்மா.

அத்தை கட்டட வேலைக்குப் போகிற சித்தாள். அங்கே அவளுக்கு மண் சுமக்கத்தான் அனுமதி, மேஸ்திரியின் கொத்துக்கரண்டியைத் தொட அல்ல. தண்ணீர் வடிந்ததும் அதே மாதிரிக் கரண்டி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தாள். சந்துப் பெண்கள் உடைந்த செங்கல்லையும் மிச்ச சிமெண்டையும் சுமந்து வந்தார்கள். உடம்பு தேறியதும் அம்மாவும் சுமந்தாள். கக்கூஸ் ஆளுயர மேடைமேல் ஏறியது, படிகளோடு.

"இம்மாம் ஒசரம் எதுக்கு, மேல நின்னு சினிமா பாக்கவா?" என்று ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் பூசி முடித்தார்கள்.

அடுத்த மழைக்கு மோரி வழக்கம்போல வீட்டுக்குள் வந்தது. டிவி பரணுக்குப் போனது. செங்கல் வைத்து உயர்த்திய கட்டில்மேல் அத்தை ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டாள். அம்மா சம்மணமிட்டு உட்கார்ந்து டம்ளரை எடுத்தாள். நான் கையை நீட்டினேன்.

"உன்னுதக் குடிச்சிட்டியே," என்றாள்.

ஊதி ஊதி, கடைசிச் சொட்டுவரை அவளே குடித்தாள். பிறகு அத்தையைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இருக்குதா?" என்று கேட்டாள்.

நான் விம்மி விம்மி அழுதேன். அம்மாவுக்கு என்மேல் இருந்த பாசம் போன வருஷத்து வெள்ளத்தோடு போய்விட்டது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.