சந்தனம் பூசிய கூண்டு

சுனாமி வந்ததற்கு மறுவருஷம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கார் ராலி ஓட்டுகிறவர் என்று தரகர் சொன்னதும் என் அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. முதுநகரில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஐஸ் பேக்டரி. அதில் வருகிற வருமானத்தில் அவர் அவ்வப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் போய், காட்டுச் செம்மண் பாதையில் கண்மண் தெரியாமல் கார் ஓட்டிவிட்டு வருவார். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வரும் ரேஸ் வேறு, ராலி வேறு என்று பெண் பார்க்க வந்த அன்றே எனக்கு வகுப்பெடுத்தார். நான் ஸ்டேஷன் மாஸ்டர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் படிப்பேன், வேலைக்கும் போவேன் என்றேன். எல்லோரும் பெரிய மனதோடு தலையாட்டினார்கள்.

நிச்சயம் முடிந்த கையோடு ஒரு ராலியில் அவர் கார் வளைவில் வழுக்கிப் பல கரணம் அடித்தது. வெளித்தகடு அப்பளமாக நொறுங்கியிருந்தது. அவரோ சட்டையில் மண்ணைத் தட்டிக்கொண்டு இறங்கி வந்தார். நொறுங்கிய காரைப் பார்க்க நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தபோது அவரே காரணத்தையும் சொன்னார். காருக்குள் இரும்புப் பைப்பால் கூண்டு கட்டியிருந்தார்கள். கூரை நசுங்காமல் தாங்கியது அதுதான். ஆளைத் தோளிலும் இடுப்பிலும் சீட்டோடு இறுக்கிக் கட்டும் பெல்ட், தலையில் ஹெல்மெட், தலை படுகிற இடத்தில் எல்லாம் பைப்பின் மேல் கெட்டியான கறுப்பு ஃபோம். “நாலும் சேர்ந்தாத்தான் சேஃப்டி. ஒண்ணு இல்லன்னாலும் அந்தப் பைப்பே ஆளைக் கொன்னுடும்” என்றார். இது அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை. நான் மறக்கவில்லை.

இனி ராலிக்குப் போவதில்லை என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தபின் கல்யாணம் நடந்தது. கார் தகடு மாற்றி வீட்டு வண்டியானது. கூண்டை மட்டும் கழற்றவிடவில்லை என் மாமியார். மகன் உயிரைக் காப்பாற்றிய கூண்டல்லவா! வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் கதவைத் திறந்து பைப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். ஃபோம் மேல் சந்தனம் நிற்கவில்லை, குங்குமம் உதிர்ந்தது.

“இன்னாடா இது, கரி மாதிரி சுத்தி வச்சிருக்க? அறுத்துப் போடு. சாமிக்குப் பொட்டு வைக்க எடம் வேணாம்?” என்றார்.

பிளேடால் கிழித்து ஃபோமைக் குப்பையில் போட்டார்கள். பைப்புக்கு வெள்ளி பெயிண்ட் அடித்து, கணுவுக்குக் கணு சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். ராலி பெல்ட்டை மாட்டிக்கொண்டு புடவையில் உட்கார முடியாது என்று அதுவும் போனது. கார் கம்பெனி கொடுத்த பழைய பெல்ட்டைப் பொருத்தக் கூண்டு இடம் விடவில்லை. ஹெல்மெட் பரணுக்குப் போயிற்று. மிஞ்சியது வெறும் இரும்பு.

“ஃபோம் வேணும்னு நீங்கதானங்க சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“ரோட்ல நாப்பதுல போறதுக்கு எதுக்குடி அதெல்லாம்? அம்மா ஆசைப்படுறாங்க, விடு” என்றார். வேகத்தைப் பற்றி எனக்கு அத்தனை பாடம் நடத்திய மனுஷன்.

இரண்டாவது முயற்சியில் நான் பரீட்சையில் தேறினேன். மெடிக்கல் மட்டும் பாக்கி. என் அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தச் சந்தோஷத்தில்தான் சிதம்பரத்தில் இருந்த நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பினோம். புதுச்சத்திரம் தாண்டியதும் புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று குறுக்கே வந்தது. அவர் இடது பக்கம் ஒடித்தார். கார் ரோட்டை விட்டு இறங்கி வாய்க்கால் ஓரமாகச் சாய்ந்தது. உருளக்கூட இல்லை. கண்ணாடி ஒன்றும் உடையவில்லை. கதவுக்கு மேலே இருந்த பைப்பில் என் இடப்பக்கத் தலை மோதியது. காதிலிருந்து ரத்தம் வந்ததும், புடவையில் குங்குமமும் ரத்தமும் கலந்து கிடந்ததும்தான் ஞாபகம் இருக்கிறது.

மண்டை எலும்பு ஒட்டிவிடும், இடது காதின் நரம்பு மட்டும் போனது போனதுதான் என்று சிதம்பரத்து டாக்டர் சொன்னார். மாமியார் கட்டிலருகே உட்கார்ந்து என் கையைத் தடவினார்.

“அந்தக் கூண்டு மட்டும் இல்லன்னா உன்ன முழுசாப் பாத்திருக்க முடியுமாம்மா? அதான் காப்பாத்திச்சு.”

பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். கூண்டு இல்லாத சாதாரணக் காராக இருந்தால் கதவில் இடித்து ஒரு வீக்கத்தோடு எழுந்து போயிருப்பேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தால் தலை பிளக்கிற வலி. மெடிக்கலில் என்னைக் கழித்துவிட்டார்கள். ஒற்றைக் காதோடு ஸ்டேஷன் மாஸ்டர் ஆக முடியாது. அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அப்பா அதன்பின் வேலை என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்த வருஷமே என் புருஷனுக்குப் பழைய ஆசை திரும்பிவிட்டது. கொடுத்த வாக்கை ஞாபகப்படுத்த அப்பாவுக்குத் தெம்பில்லை. ராலிக்குக் கிளம்பும் முன் பார்த்துப் பார்த்துப் புது ஃபோம் சுற்றினார், புது பெல்ட் பூட்டினார், புது ஹெல்மெட் வாங்கினார். எனக்கும் மனசுக்கு மாறுதலாக இருக்குமாம், கூட்டிக்கொண்டு போனார்.

ராலிக்கு முன்னால் வண்டியைச் சோதிப்பார்கள். சோதனை அதிகாரி ஒருவர் டார்ச் அடித்துக் கூண்டை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார்.

“ஃபோம் புதுசா இருக்கே. நடுவுல வீட்டு வண்டியா ஓட்டுனீங்களா? ஹெல்மெட் இல்லாம யாரும் இதுல உக்காரலயே?”

“சேச்சே, இல்ல சார். அதெல்லாம் எனக்குத் தெரியாதா?” என்றார் என் புருஷன்.

நான் பின்னால்தான் நின்றிருந்தேன்.

“நான் உக்காந்தேன் சார்” என்றேன். “எனக்கு இந்தக் காது கேக்காது.”

அதிகாரி என்னைப் பார்த்தார், என் புருஷனைப் பார்த்தார். அவர் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி இன்னொரு முறை ஃபோமை அழுத்திப் பார்த்து, பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்.

“இப்ப எல்லாம் கரெக்டா இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் ஸ்டிக்கரை ஒட்டினார். வண்டி தேறிவிட்டது.